லின் டா கெப்ராடா: பாடகர், நடிகர், ட்ரவெஸ்டி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்லின் திரைப்பட விழாவில் ஒரு விருது, இரண்டு ஆல்பங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், நாடே உட்கார்ந்து பார்த்த ஒரு ரியாலிட்டி ஷோ. பிரேசிலைச் சேர்ந்த லின் டா கெப்ராடா இத்தனையும் செய்திருக்கிறார். ஆனாலும் அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வருவது ‘ஆணா, பெண்ணா?’ என்ற கேள்விதான். அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அவருடைய கலையைப் பற்றியது. ஒரு நாடகப் பள்ளியில் கற்றதை மைக்கிலும் கேமராவுக்கு முன்னாலும் இப்படிப் பயன்படுத்துகிறவர்கள் அபூர்வம்.

லின் டா கெப்ராடா யார்?

முழுப்பெயர் லீனா பெரேய்ரா டோஸ் சாண்டோஸ். 1990 ஜூலை 18 அன்று சாவோ பாலோவில் பிறந்தவர். கறுப்பினத்தவர். 2016-ல் ‘எம்சி லின் டா கெப்ராடா’ என்ற பெயரில் பாட வந்தார். ‘எம்சி’ என்பது ஃபங்க், ராப் பாடகர்கள் பெயருக்கு முன் போட்டுக்கொள்ளும் பட்டம்; பிறகு அது உதிர்ந்துவிட்டது. ‘கெப்ராடா’ என்பது சாவோ பாலோவில் நகரத்தின் விளிம்பில் இருக்கும் ஏழைக் குடியிருப்புகளை அந்த மக்களே உரிமையோடு அழைக்கும் பெயர்; ‘எங்க ஏரியா’ என்று நாம் சொல்வோமே, அந்தத் தொனி. பாட்டு எழுதுகிறார், பாடுகிறார், நடிக்கிறார், தொலைக்காட்சியில் நேர்காணல் நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார்.

அவர் ஆணா, பெண்ணா, திருநங்கையா, நான்-பைனரியா?

அவரே பலமுறை சொன்ன பதில்: ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, நான் ட்ரவெஸ்டி. ட்ரவெஸ்டி என்பது லத்தீன் அமெரிக்காவுக்கே உரிய ஓர் அடையாளம். பிறப்பில் ஆண் என்று பதிவு செய்யப்பட்டு, பெண்மையோடு வாழ்கிறவர்கள் அவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தங்களைப் பெண் என்றே சொல்வார்கள். இன்னொரு பகுதியினர், லின்னைப் போல, இரண்டு பெட்டிக்கும் வெளியே நிற்பார்கள். அதனால் நான்-பைனரி என்ற சொல் அவருக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் அவர் கையில் எடுத்துக்கொண்ட சொல் ட்ரவெஸ்டிதான். தெருவில் வசையாக வீசப்பட்ட சொல் அது. போலீஸ் குறிப்புகளிலும் பாலியல் தொழில் பற்றிய செய்திகளிலும் மட்டுமே பல பத்தாண்டுகள் புழங்கியது. அதையே தலைநிமிர்ந்து சொல்வது ஓர் அரசியல் நிலைப்பாடு.

நம்மூர்த் திருநங்கையரின் வாழ்க்கையோடு ஒப்பிடத் தோன்றும். குடும்பம் கைவிடுவது, வேலை கிடைக்காதது, மூத்தவர்கள் இளையவர்களை அரவணைப்பது என்று பொதுவானவை உண்டுதான். ஆனாலும் ட்ரவெஸ்டி என்றால் திருநங்கை என்று நேராகப் பெயர்த்துவிட வேண்டாம். அந்தச் சொல்லின் வரலாறு வேறு. போர்த்துகீசிய மொழியில் அவரைக் குறிக்கப் பெண்பாலைத்தான் பயன்படுத்த வேண்டும், அது அவர் விருப்பம். தமிழில் ‘அவர்’ போதும்.

எங்கே வளர்ந்தார்?

பிறந்தது பெருநகரம் என்றாலும் வளர்ந்தது சாவோ பாலோ மாநிலத்தின் உள்பகுதியில், வோடுபோரங்கா, சாவோ ஜோசே டோ ரியோ ப்ரேடோ ஆகிய ஊர்களில். அம்மா மற்றவர்களின் வீடுகளில் வேலை செய்து பிழைத்தவர். பிள்ளையை வளர்த்தவர் அத்தை. குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தது. அந்தச் சபையில் கட்டுப்பாடு மிகக் கடுமை. பதின்வயதின் கடைசியில் தன் உடலையும் விருப்பத்தையும் மறைக்க மறுத்தபோது அவர் சபையிலிருந்து விலக்கப்பட்டார். அங்கே விலக்கம் என்றால் கூட்டத்துக்கு வரக் கூடாது என்பதோடு முடிவதில்லை. அதுவரை பழகியவர்கள் பேச்சையே நிறுத்திவிடுவார்கள்.

இந்தப் பின்னணி தெரியாமல் அவருடைய பாட்டுகளைக் கேட்டால் பாதிதான் புரியும். பாவம், சதை, சொல், உயிர்த்தெழுதல் என்று வேதாகம வாடை அடிக்கும் சொற்கள் அவர் வரிகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. 2017-ல் வந்த ஒரு வீடியோவுக்கு ‘தெய்வ நிந்தனை’ என்ற சொல்லையும் ‘பெண்’ என்ற சொல்லையும் ஒட்டவைத்துத்தான் தலைப்பு வைத்தார். சபை மேடையில் பிரசங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு, ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி எப்படிக் கூட்டத்தைக் கட்டிப்போடுவது என்று தெரிந்திருக்கிறது.

முதலில் நடிகரா, பாடகரா?

முதலில் மேடைதான். சாவோ பாலோவை ஒட்டிய சாண்டோ ஆண்ட்ரே நகரில் ‘எஸ்கோலா லிவ்ரே டே தெயாட்ரோ’ என்று ஒரு நாடகப் பள்ளி இருக்கிறது. 1990-ல் நகராட்சி தொடங்கிய பள்ளி, கட்டணம் கிடையாது. கார் தொழிற்சாலைகளும் உலோகத் தொழிலாளர் வேலைநிறுத்தங்களும் நிறைந்த வட்டாரத்தில் இருக்கும் தொழிற்பட்டணம் சாண்டோ ஆண்ட்ரே. அந்த ஊரின் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில்தான் லின் பயின்றார். இன்று பிரேசிலின் முன்னணிப் பாடகர்களில் ஒருவரான லினிக்கரும் அங்கே படித்தவர்தான். காசில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து வைத்த ஒரு நகராட்சிப் பள்ளியிலிருந்து இப்படி இருவர் வந்திருக்கிறார்கள். அரசுக் காசில் கலைப் பள்ளி எதற்கு என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

பாட்டுக்கு முன்பே அவர் தன் உடலை வைத்து நிகழ்த்துகலை செய்துகொண்டிருந்தார். பாடத் தொடங்கியதும் அதே வேலையின் நீட்சியாகத்தான். அவருடைய குரல் பெரிய வீச்சு கொண்டதல்ல. அவரே அப்படிப் பாட முயல்வதும் இல்லை. ஒரு சொல்லைக் கடித்து நிறுத்துவது, மூச்சை இழுத்துவிட்டுக் காத்திருப்பது, கேள்வி கேட்டுப் பார்வையாளரையே நேராக முறைப்பது, இவை நடிகரின் கருவிகள். அவரைப் ‘பாடவும் தெரிந்த நடிகர்’ என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் பொருந்திவரும்.

அவருக்குப் புற்றுநோய் வந்தது உண்மையா?

உண்மை. 2014-ல் விரைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. கீமோதெரபி எடுத்தார், முடி கொட்டியது, பிழைத்து வந்தார். பாடகராக அவர் வெளிப்பட்டது நோய் தெரிந்த பிறகே. அவர் அதை ரகசியமாக வைக்கவில்லை. மருத்துவமனையில் தன்னைத் தானே எடுத்துவைத்த வீடியோக்கள் பிற்பாடு ‘பிஷா ட்ரவெஸ்டி’ ஆவணப்படத்தில் சேர்ந்தன. ஆண் அடையாளத்தின் மையம் என்று உலகம் கருதும் உறுப்பிலேயே நோய். அந்த உடலோடு தனக்கு என்ன உறவு என்ற கேள்வி அவருக்கு ஏட்டுக் கேள்வியாக இருந்ததில்லை.

அவர் பாடுவது என்ன வகை இசை?

தொடக்கம் ஃபங்க். அமெரிக்க ஃபங்க் இல்லை, பிரேசில் ஃபங்க். 1980-களில் ரியோ டி ஜெனிரோவின் குடிசைப் பகுதிகளில் நடந்த நடன இரவுகளில் மயாமி பேஸ் என்ற அமெரிக்க நடன இசையின் தாளத்தின் மேல் உள்ளூர்ப் பேச்சை ஏற்றிப் பிறந்த இசை அது. பிறகு சாவோ பாலோவுக்கு வந்து அங்கே தனி உருவம் எடுத்தது. இயந்திரத் தாளம், ஒரு மைக், பச்சையான பேச்சு, அவ்வளவுதான் மூலப்பொருள். பெரும்பாலும் ஆண்கள் பாடுவார்கள், பெண்ணுடலைப் பற்றிப் பாடுவார்கள்.

லின் அந்த மைக்கைப் பிடுங்கித் திருப்பிக் காட்டினார். 2016-ல் வந்த முதல் பாட்டு ‘என்வியாடேசேர்’. ‘ஆம்பளைத்தனம்’ காட்டும் ஆளைப் பார்த்து, நீ எனக்கு வேண்டாம், எனக்குப் பெண்மை மிளிரும் ஆண்கள்தான் பிடிக்கும் என்று கேலியாகச் சொல்லும் பாட்டு. அதுவரை யாருடைய வாயில் ஏளனமாக இருந்ததோ அந்த ஏளனம் இடம் மாறியது. பகலில் ட்ரவெஸ்டியைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு இரவில் அவரையே தேடி வரும் ஆணின் இரட்டை வேடம், அவருடைய பல பாட்டுகளின் அடியில் ஓடுகிற விஷயம்.

முதல் ஆல்பத்தின் பெயரான ‘பஜூபா’ என்றால் என்ன?

பஜூபா என்பது பிரேசிலின் ட்ரவெஸ்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் யொருபா மொழிச் சொற்கள் ஆப்பிரிக்க வேர்கொண்ட கேண்டோம்ப்ளே என்ற மதத்தின் கோவில்களில் உயிரோடு இருந்தன. அந்தக் கோவில்கள் ட்ரவெஸ்டிகளைச் சேர்த்துக்கொண்டன. சொற்கள் அங்கிருந்து தெருவுக்கு வந்தன. ‘அலிபான்’ என்றால் போலீஸ். ‘பிகுமான்’ என்றால் முடி, அல்லது விக். 1964 முதல் 1985 வரை நடந்த ராணுவ ஆட்சியில் தெருவில் நின்றாலே பிடித்துக்கொண்டு போவார்கள். ஆட்சி முடிந்த பிறகும் விட்டபாடில்லை. 1987-ல் சாவோ பாலோ போலீஸ் எய்ட்ஸ் நோயைக் காரணம் காட்டி ‘டரான்டுலா’ என்ற பெயரில் ட்ரவெஸ்டிகளை வேட்டையாடியது. அப்படிப்பட்ட இடத்தில் ‘அலிபான் வருது’ என்ற ஒரு குரல் ஒருவரைக் காப்பாற்றும்.

அந்த மொழியின் பெயரைத்தான் 2017 அக்டோபரில் வந்த தன் முதல் ஆல்பத்துக்கு லின் வைத்தார். நிறுவனம் எதுவும் பணம் போடவில்லை. மக்களிடம் நிதி திரட்டி வந்த ஆல்பம். இசைத் தயாரிப்பு பேட்சிஸ்டா. நீண்ட காலக் கூட்டாளியான ஜூப் டோ பைரோ, லினிக்கர், குளோரியா குரூவ் ஆகியோரின் குரல்களும் இருக்கின்றன. ஃபங்க், ராப், ஆப்பிரிக்கத் தாளங்கள், எலக்ட்ரானிக் இரைச்சல் எல்லாம் மோதிக்கொள்ளும். சில இடங்களில் காதுக்கு இதமாக இல்லை என்றே சொல்வேன். இதமாக இருக்க வேண்டும் என்று அது நினைக்கவும் இல்லை.

அடுத்த ஆண்டு, 2018 நவம்பரில், நாட்டின் பொது நுழைவுத் தேர்வான ‘எனெம்’ தேர்வில் பஜூபாவைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. அப்போதுதான் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த போல்சொனாரோ அந்தக் கேள்வியைக் கண்டித்தார். தெருமொழி தேர்வுத்தாளுக்கு வந்ததும், அதை ஓர் அதிபர் எதிர்த்ததும் ஒரே மாதத்தில் நடந்தன. லின்னின் ஆல்பம் எந்தக் காற்றில் வெளிவந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

பெர்லினில் விருது வாங்கிய படம் எது?

‘பிஷா ட்ரவெஸ்டி’. கிக்கோ கோய்ஃப்மன், கிளாடியா பிரிசிலா இருவரும் இயக்கிய ஆவணப்படம். 2018 பெர்லின் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான டெடி விருது பெற்றது. பால், பாலீர்ப்புச் சிறுபான்மையினரைப் பற்றிய படங்களுக்கு அங்கே 1987 முதல் வழங்கப்படும் விருது அது. திரைக்கதையில் லின்னின் பெயரும் இருக்கிறது, அது முக்கியம். இவரைப் போன்றவர்களைப் பற்றிய ஆவணப்படங்களில் பொதுவாக அவர்கள் உட்கார்ந்து அழுவார்கள், வேறு யாரோ கேள்வி கேட்பார்கள். இங்கே கேட்பதும் அவர், சொல்வதும் அவர். ஒரு வானொலி நிலையத்தில் லின்னும் ஜூப்பும் மைக் முன்னால் உட்கார்ந்து உடலைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் பேசுகிறார்கள், இடையிடையே மேடை வெடிக்கிறது.

படத்தில் என்னை அசைத்தது மேடைக் காட்சி அல்ல. அம்மாவும் லின்னும் குளிக்கும் காட்சி. தான் பெற்ற உடல் மாறியிருக்கிறது, அந்த உடலுக்கு முன் ஒரு தாய். வசனத்தால் கனமாக்காமல், பின்னணி இசையால் உருக்காமல், தண்ணீர் சத்தத்தோடு அதை விட்டுவைத்திருக்கிறார்கள். இயக்குநர்கள் இருவருக்கும் அதற்காகவே நன்றி சொல்ல வேண்டும்.

நடிகராக வேறு என்ன செய்திருக்கிறார்?

2017-ல் மார்செலோ காயட்டானோ இயக்கிய ‘கோர்ப்போ எலெட்ரிக்கோ’ படத்தில் நடித்தார். சாவோ பாலோவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களின் கதை அது. 2018-ல் டாட்டா அமரால் இயக்கிய ‘செக்வெஸ்ட்ரோ ரெலாம்பகோ’.

பெரிய திருப்பம் 2019-ல், க்ளோபோ தொலைக்காட்சியின் ‘செகுண்டா ஷமாடா’ தொடர். பகலில் உழைத்துவிட்டு இரவில் படிக்க வரும் பெரியவர்களுக்கான அரசு இரவுப் பள்ளிதான் களம். அதில் நடாஷா என்ற ட்ரவெஸ்டி மாணவியாக வந்தார். அதுவரை மாற்றுத் திரையரங்குகளிலும் இரவு விடுதிகளிலும் இருந்த ஒருவர் சராசரிக் குடும்பத்தின் வரவேற்பறைக்கு வந்தது அப்போதுதான். பெண்கள் கழிப்பறைக்குள் நடாஷா போகலாமா கூடாதா என்ற சண்டை எத்தனையோ பேருடைய உண்மை வாழ்க்கை. பள்ளியைப் பாதியில் விட்ட ட்ரவெஸ்டிகளில் எத்தனை பேர் பாடத்துக்குப் பயந்து விட்டார்கள், எத்தனை பேர் கழிப்பறைக்குப் பயந்து விட்டார்கள் என்று யோசிக்க வைக்கும் வேடம்.

அதே ஆண்டு ஜூப்போடு சேர்ந்து ‘கனால் பிரேசில்’ அலைவரிசையில் ‘ட்ரான்ஸ்மிசாவ்’ என்ற நேர்காணல் நிகழ்ச்சியை நடத்தினார். 2021-ல் அமேசான் பிரைமின் ‘மன்யாஸ் டே செட்டெம்ப்ரோ’ தொடரில் பெட்ரிட்டா என்ற வேடம். 2025-ல் வந்த ‘விட்டோரியா’ படத்தில், தொண்ணூறைத் தாண்டிய மாபெரும் நடிகை பெர்னாண்டா மொண்டெனெக்ரோவோடு நடித்தார். ரியோவின் கோபகபனா பகுதியில் தன் ஜன்னலிலிருந்தே போதைப்பொருள் வியாபாரத்தையும் அதற்குத் துணைபோகும் போலீஸையும் வீடியோ எடுத்த மூதாட்டியின் உண்மைக் கதை. லின் ஏற்றது பிபியானா என்ற அண்டை வீட்டுக்காரர் வேடம். கத்தாமல், ஆடாமல், சும்மா நின்று பேசுகிற வேடம் அவருக்கு வாய்த்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

பிக் பிரதரில் என்ன நடந்தது? நெற்றியில் ஏன் பச்சை குத்தியிருக்கிறார்?

நம்மூர் பிக் பாஸின் மூல வடிவம்தான் பிக் பிரதர். பிரேசிலில் அதைப் பார்க்காத வீடு குறைவு. 2022 ஜனவரியில் தொடங்கிய 22-வது சீசனில் லின் பங்கேற்றார். கொரோனா தொற்று இருந்ததால் அவரும் வேறு இருவரும் சில நாட்கள் தாமதமாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அவருக்கு முன் 2011-ல் அரியாட்னா அரான்டேஸ் என்ற மாற்றுப்பாலினப் பெண் போட்டியிட்டு முதல் வெளியேற்றத்திலேயே அனுப்பப்பட்டார். லின் ஏப்ரல் வரை நின்றார்.

வீட்டுக்குள் சக போட்டியாளர்கள் அவரை ஆண்பாலில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். சிலருக்கு வாய் தவறியது, சிலருக்கு அக்கறையே இல்லை. அவருடைய புருவத்துக்கு மேலே ‘எலா’ என்று பச்சை குத்தியிருக்கிறது, போர்த்துகீசியத்தில் ‘அவள்’. ஒரு நாள் நேரலையில் தொகுப்பாளர் டாடேவ் ஷ்மிட் அதைப் பற்றிக் கேட்டார். லின் சொன்ன பதில்: தொடக்கத்தில் அம்மாவுக்கு வாய் தவறிக்கொண்டே இருந்தது, அதனால், அம்மா, இதை நெற்றியிலேயே எழுதிவைக்கிறேன், அப்போதாவது தவறாது என்று குத்திக்கொண்டேன். கோடிக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருந்த நேரம். கோபப்பட்டிருந்தால் அதையே தூக்கிப்பிடித்து ‘சண்டைக்காரி’ என்று ஒதுக்கியிருப்பார்கள். அவர் அம்மாவின் கதையைச் சொன்னார். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பொறுமையை அவர்மேல் சுமத்தியதில் எனக்கு வருத்தம் உண்டு. விளையாட வந்த மற்றவர்கள் விளையாடினார்கள், இவர் பாடமும் நடத்த வேண்டியிருந்தது.

இரண்டாவது ஆல்பம் எப்படி?

2021-ல் வந்த ‘ட்ராவா லிங்குவாஸ்’. ‘நா பிறழ் சொற்றொடர்’ என்று பொருள். முதல் ஆல்பத்தில் எதிரில் இருப்பவனோடு சண்டை. இதில் தன்னோடே பேச்சு. தாளம் தணிந்திருக்கிறது, குரல் முன்னால் வந்திருக்கிறது. ‘மெட்ரோசா’ என்ற பாட்டைத் தவறவிடாதீர்கள். அது ஸ்டெல்லா டோ பாட்ரோசினியோவுக்கான காணிக்கை. ஸ்டெல்லா கறுப்பினப் பெண், ரியோவின் கொலோனியா ஜூலியானோ மொரேய்ரா மனநலக் காப்பகத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர். அவர் பேசியதை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள். இறந்த பிறகு 2001-ல் அது கவிதை நூலாக வந்தது. எழுதாமல், வாயால் பேசியே கவிஞரானவர். பைத்தியம் என்று பூட்டப்பட்ட ஒரு நாவை இன்னொரு நா அழைத்துப் பேசுவதைக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

அவருடைய பாட்டில் ஆபாசம் அதிகம் இல்லையா?

உடலுறுப்புகளின் பெயர்கள் வெளிப்படையாக வரும். குழந்தைகளோடு கேட்கும் பாட்டுகள் அல்ல. ஆனால் ஃபங்க் இசையில் அந்தப் பச்சைப் பேச்சு முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. ஆண்கள் பாடியபோது கொண்டாட்டம், ட்ரவெஸ்டி பாடியபோது அருவருப்பு என்றால் முறையிட வேண்டியது பாட்டைப் பற்றியல்ல. எனக்கு எல்லாப் பாட்டும் ஒரே அளவு பிடித்ததில்லை. சிலவற்றில் அதிர்ச்சியே போதும் என்று நின்றுவிடுகிறார். ‘பிஷா ப்ரெட்டா’ அப்படியல்ல. கறுப்பு, ஏழ்மை, பெண்மை மூன்றும் ஒரே உடலில் இருப்பதன் வலியையும் திமிரையும் சேர்த்தே தருகிறது.

பிரேசிலில் இவரைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பு உண்டா?

சட்டம் ஓரளவு முன்னேறியிருக்கிறது. 2018 மார்ச்சில், அறுவை சிகிச்சை இல்லாமலேயே பதிவேட்டில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜூனில் மாற்றுப்பாலினத்தவர்மீதான வெறுப்புச் செயல்களை இனவெறிக் குற்றத்துக்குச் சமமாக வைத்தது. 2022 தேர்தலில் மாற்றுப்பாலினத்தவர்களான எரிக்கா ஹில்டன், டூடா சலபெர்ட் இருவரும் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்கள். ஆனால் மாற்றுப்பாலினத்தவர் கொலைகளை உலக அளவில் கணக்கெடுக்கும் அமைப்புகளின் பட்டியலில் ஆண்டுதோறும் முதலிடம் பிரேசிலுக்குத்தான். கொல்லப்படுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ட்ரவெஸ்டிகளும் மாற்றுப்பாலினப் பெண்களும். லின் மேடையில் ‘உயிரோடு இருப்பது’ பற்றிப் பேசினால் அது அலங்காரப் பேச்சு இல்லை.

லினிக்கரும் இவரும் ஒருவர்தானா?

இல்லை. பெயர் ஒலி, வயது, படித்த பள்ளி எல்லாம் பக்கத்தில் இருப்பதால் குழப்பம் வருகிறது. லினிக்கர் 1995-ல் அரராகுவாராவில் பிறந்த சோல் இசைப் பாடகர், தன்னை மாற்றுப்பாலினப் பெண் என்று சொல்பவர், 2022-ல் லத்தீன் கிராமி வென்றவர். ‘மன்யாஸ் டே செட்டெம்ப்ரோ’ தொடரின் நாயகி அவர்தான். மோட்டார் சைக்கிளில் டெலிவரி செய்துகொண்டே இரவில் பாடும் கஸாண்ட்ரா. அதில் இருவரையும் ஒன்றாகப் பார்க்கலாம்.

போர்த்துகீசியம் தெரியாதவர் எங்கிருந்து தொடங்குவது?

படத்திலிருந்து. ‘பிஷா ட்ரவெஸ்டி’யைச் சப்டைட்டிலோடு பார்த்துவிட்டால் பாட்டுகளில் பாதி தானே திறந்துகொள்ளும். அடுத்து ‘ட்ராவா லிங்குவாஸ்’. ஹெட்போனில், ஒரே மூச்சில் கேளுங்கள். ‘பஜூபா’வை அதற்குப் பிறகு எடுங்கள், கொஞ்சம் சத்தமாக வைத்து, வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தொடர்களில் ‘மன்யாஸ் டே செட்டெம்ப்ரோ’ சின்னது, முதல் சீசன் ஐந்தே பகுதிகள், ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம்.